விரைந்து மூடும் கதவு

நுழையும்முன்

கதவு மிகப் பழைய பொறிகளுள் ஒன்று. வீட்டின் மரக்கதவும் கோட்டையின் பெருங்கதவும் மெதுவாக இயங்கினால் போதும். தொழிற்சாலைக் கதவின் நிலை வேறு. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை திறந்து மூட வேண்டிய அக்கதவு, சில விநாடிகளில் தன் வேலையை முடித்தாக வேண்டும். வழியில் மனிதர் எவரேனும் நின்றால் அதனை உணர்ந்து பின்வாங்கவும் வேண்டும். இயற்பியலில் பயிலும் திருப்பு விசையும் இயக்க ஆற்றலும் இக்கதவில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தொழிற்பேட்டையின் ஷட்டர்கள்

சென்னையின் மேற்குப் புறநகர், தொழிலால் வளர்ந்த பகுதி. 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை அமைந்தது. அதனைத் தொடர்ந்து 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. பின்னர்ப் பூந்தமல்லி, திருமழிசை எனச் சாலை நெடுகத் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் பெருகின. இப்பகுதியில் காலைப்பொழுது ஷட்டர்கள் மேலேறும் ஓசையோடுதான் விடிகிறது. இரும்புப் பட்டைகளைக் கோத்துச் செய்யப்பட்ட அத்திரை, மேலுள்ள உருளையில் சுருண்டுகொள்ளும். கடைக்காரர் காலையில் திறப்பார், இரவில் மூடுவார். அவருக்கு அது போதும்.

தொழிற்கூடத்தில் போதாது. ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒரு நாளில் இருநூறு முறை ஒரே வாயிலைக் கடக்கலாம். மின்மோட்டார் பொருத்திய இரும்பு ஷட்டர் விநாடிக்கு ஏறத்தாழ 10 செ.மீ. வேகத்தில் மேலேறுவதாகக் கொள்வோம். 4 மீட்டர் உயரத்தைக் கடக்க அதற்கு 40 விநாடிகள் தேவை, இறங்குவதற்கும் அவ்வளவே. சுமையுடன் வந்து நிற்கும் ஓட்டுநர் எத்தனை முறை காத்திருப்பார்? இரண்டு நாள் பொறுப்பார்; மூன்றாம் நாள் காலையில் ஷட்டரை முழுவதும் ஏற்றிவிட்டு மாலைவரை அப்படியே விட்டுவிடுவார். மெதுவாக இயங்கும் கதவு, நடைமுறையில் மூடப்படாத கதவாகிவிடுகிறது. விரைவுக் கதவு திறப்பதற்காக உருவானது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், மூடியிருப்பதற்காகவே அது விரைகிறது.

மூடியிருப்பதில் அப்படி என்ன பயன்? பால், மருந்து ஆகியவற்றை வைக்கும் குளிர்கிடங்கை எடுத்துக்கொள்வோம். உள்ளே 5 பாகை செல்சியஸ். வெளியே சென்னையின் 35 பாகை. குளிர்ந்த காற்று வெளிக்காற்றைவிட ஏறக்குறைய பத்து விழுக்காடு அடர்த்தி மிக்கது. கதவு திறந்தவுடன் அது வாயிலின் கீழ்ப்பாதி வழியே நீர்போல் வெளியே வழிகிறது. மேற்பாதி வழியே வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று உட்புகுகிறது. கடற்கரை நகரின் ஈரக்காற்று குளிர்ந்த தரையில் நீராகப் படியும். உறைநிலை அறையானால் பனிக்கட்டியாக இறுகும். அத்தரையில் வண்டிச்சக்கரம் வழுக்குவது மின்கட்டணத்தை விடப் பெரிய இழப்பைத் தரவல்லது.

துலாவும் சுருள்வில்லும்

இருநூறு கிலோ எடையுள்ள ஷட்டரைக் கடைக்காரர் ஒற்றைக் கையால் தூக்குவது எப்படி? விடை நம் முன்னோர் இறைத்த கிணற்றில் இருக்கிறது. துலாவின் பின்முனையில் கட்டிய கல், நீர் நிறைந்த சாலின் எடையை ஈடுசெய்கிறது. இறைப்பவர் எஞ்சிய சிறு வேறுபாட்டை மட்டும் தாங்குகிறார். ஷட்டரில் அக்கல்லின் வேலையை உருளைக்குள் உள்ள சுருள்வில் செய்கிறது. இதனைத் தொழிலாளர் ஸ்பிரிங் என்றே வழங்குவர். திரை கீழே இறங்கும்போது உருளை சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது. மீண்டும் திறக்கும்போது அம்முறுக்கு திரையை மேலே இழுக்கிறது.

இதில் ஓர் அழகிய பொருத்தம் உண்டு. கதவு முழுவதும் மூடியிருக்கையில் தொங்கும் எடை மிகுதி. அப்போது ஸ்பிரிங்கின் முறுக்கும் மிகுதி. கதவு ஏற ஏறத் தொங்கும் எடை குறைகிறது; முறுக்கும் தளர்கிறது. ஆயினும் பொருத்தம் முழுமையானதன்று. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றப்படுவதால் உருளையின் ஆரம் கூடுகிறது. திருப்பு விசை ஆரத்தைப் பொறுத்தது என்பதால் கணக்குச் சற்றே பிசகுகிறது. ஸ்பிரிங்கை எத்தனை சுற்று முறுக்கிப் பொருத்துவது என்பதைத் தேர்ந்த தொழிலாளர் கைப்பழக்கத்தால் அறிவர்.

ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு. பத்தாயிரம் முறை திறந்து மூடினால் ஓய்ந்துபோகும் ஸ்பிரிங் ஒன்றைக் கருதுவோம். நாளுக்கு ஒரு முறை திறந்து மூடும் கடையில் அது இருபத்தேழு ஆண்டுகள் உழைக்கும். நாளுக்கு இருநூறு முறை இயங்கும் தொழிற்கூட வாயிலில் அதே ஸ்பிரிங் ஐம்பதே நாளில் தன் ஆயுளைக் கடந்துவிடும். அறுந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஈடுசெய்ய எதுவுமின்றி முழு எடையும் கீழே வரும். எனவேதான் மோட்டாரில் இயங்கும் கனமான ஷட்டர்களில், உருளை அளவுமீறிச் சுழன்றால் உடனே பற்றி நிறுத்தும் வீழ்ச்சித் தடுப்பான் தனியே பொருத்தப்படுகிறது.

எடையைக் குறைத்தல்

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிவிட்டால் இரும்பு ஷட்டரே விரைவுக் கதவாகிவிடாதா? ஆகாது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் காணலாம். 4 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள வாயிலின் பரப்பு 16 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 12 கிலோ எனக் கொண்டால் இரும்புத் திரையின் எடை 192 கிலோ. விநாடிக்கு 10 செ.மீ. வேகத்தில் இறங்கும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ ஒரு ஜூல் மட்டுமே. விநாடிக்கு 2 மீட்டராக வேகத்தை உயர்த்தினால் ஆற்றல் 384 ஜூல் ஆகிறது. வேகம் இருபது மடங்கு கூட, ஆற்றல் நானூறு மடங்கு கூடிவிட்டது. இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்கு இது நிகர்.

வேகத்தின் இருமடி விதியை மாற்ற எவராலும் இயலாது, நிறையைக் குறைக்கலாம். பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையே உடையது. அதே வாயிலுக்கு 16 கிலோ போதும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் 32 ஜூல். இறங்கும்போது வேகத்தை விநாடிக்கு 0.7 மீட்டராகக் குறைத்தால் ஆற்றல் ஏறத்தாழ 4 ஜூல். அந்த அரிசி மூட்டை இரண்டு செ.மீ. உயரத்திலிருந்து இறங்குவதற்குச் சமம். விரைவுக் கதவு விரைந்து திறந்து, அதைவிட மெதுவாக மூடுவதன் காரணம் இதுவே. எடை குறைந்ததால் பல வடிவமைப்புகளில் ஸ்பிரிங்கும் தேவையற்றதாகிறது. மோட்டாரே எடை முழுவதையும் தாங்கிக்கொள்கிறது.

விரைவாக இயங்கும் பொருளைத் திடீரெனத் தொடங்கி வைப்பதும் திடீரென நிறுத்துவதும் பொறிக்கு ஊறு விளைவிக்கும். வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதனுடன் நேரே இணைத்த மோட்டார் ஒரே வேகத்தில்தான் சுழலும். விரைவுக் கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள இன்வெர்ட்டர் இந்த அதிர்வெண்ணையே மாற்றி அனுப்புகிறது. அதிர்வெண் ஏற ஏற வேகமும் ஏறும். அரை விநாடியில் முழு வேகத்தை எட்டி, இடையில் சீராக ஓடி, கடைசி ஒரு விநாடியில் படிப்படியாகத் தணியுமாறு அமைத்தால் 4 மீட்டர் வாயில் மூன்று விநாடிக்குள் திறந்துவிடும். கதவு எந்த உயரத்தில் உள்ளது என்பதை உருளையின் அச்சில் உள்ள என்கோடர் ஒவ்வொரு கணமும் எண்ணிச் சொல்லும். பயிற்சி பெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர் நிறுத்தத்தில் வண்டியைக் குலுக்காமல் நிறுத்துவது போன்றது இது.

காற்றுக்கு வளைந்து கொடுத்தல்

எடையைக் குறைத்ததற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைக் காற்று கேட்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது மரங்களும் தகரக் கூரைகளும் பட்ட பாட்டை இந்நகர் மறக்கவில்லை. கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னைக்குரிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். வேகத்தின் இருமடியை 0.6ஆல் பெருக்கினால் காற்றழுத்தம் கிடைக்கும். அதாவது சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். 16 சதுர மீட்டர் வாயிலின் மீது 24,000 நியூட்டன். ஏறத்தாழ இரண்டரை டன் எடை சாய்ந்து தள்ளுவது போன்ற விசை. இவ்விசையை மெல்லிய துணி தாங்காது. ஆகவே வெளிப்புற வாயில்களில் இரண்டு கதவுகளை அமைப்பது வழக்கம். பகலில் துணிக்கதவு இயங்கும். இரவிலும் புயலிலும் இரும்பு ஷட்டர் காவல் நிற்கும்.

அன்றாடக் காற்றைத் தாங்கும் வகையில் துணியின் இரு ஓரங்களிலும் பையின் ஜிப் போன்ற பற்கள் வைக்கப்படுகின்றன. இவை பக்கவாட்டுத் தடத்தைப் பற்றிக்கொண்டு துணியை இறுக்கமாக வைத்திருக்கும். வண்டி தவறி மோதினால் துணி கிழிவதில்லை. பற்கள் தடத்தைவிட்டு நழுவிக் கழன்றுகொள்ளும். அடுத்த முறை கதவு முழுவதும் மேலேறி இறங்குகையில் பற்கள் தாமாகவே தடத்துக்குள் புகும். இரும்பு ஷட்டரில் இதே மோதல் நேர்ந்தால் பட்டைகள் நெளியும். அதைச் சீராக்க ஒரு நாள் உற்பத்தி நிற்கும். உறுதி என்பது எப்போதும் விறைப்பாக நிற்பதன்று என்பதை இவ்வடிவமைப்பை உருவாக்கியவர்கள் நன்கு உணர்ந்திருக்கின்றனர்.

மனிதரை உணரும் கதவு

வண்டி வருவதைக் கதவு அறிவதற்குத் தரையில் பதித்த கம்பிச்சுருள் உதவுகிறது. இரும்பு உடலுள்ள வண்டி அதன்மேல் வரும்போது சுருளின் மின்தூண்டல் மாறுபடும், கதவு திறக்கும். நடந்து வரும் மனிதரை அச்சுருள் அறியாது. அது குறையன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. வண்டிப் பாதையில் மனிதர் நடப்பதே தவறு என்பதால் அவர்களுக்குப் பக்கத்தில் தனிச் சிறுகதவு அமைக்கப்படும். கோட்டையிலும் கோயிலிலும் பெருங்கதவினுள்ளே ஒருவர் குனிந்து நுழையுமளவு சிறுகதவு வைத்து அதனைத் திட்டிவாசல் என்று வழங்கிய மரபு நமக்குப் புதியதன்று.

எனினும் மனிதர் விதிப்படியே நடப்பர் என நம்பி எந்தப் பொறியையும் வடிவமைத்தல் கூடாது. கீழே விழுந்த ஒரு போல்ட்டை எடுக்கத் தொழிலாளி கதவின் கீழ்க் குனியக்கூடும். ஆகவே வாயிலின் இருபக்கத் தூண்களுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளிக்கற்றைகள் வரிசையாகப் பாய்ச்சப்படுகின்றன. ஒன்று மறைந்தாலும் கதவு நின்று மேலேறும். விநாடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் இறங்கும் கதவுக்கு, மின்சுற்று விழிக்கப் பத்தில் ஒரு விநாடி ஆனால் அதற்குள் 7 செ.மீ. இறங்கிவிடும், வேகம் தணிந்து நிற்க மேலும் 6 செ.மீ. ஆகும். இந்த 13 செ.மீ. இடைவெளிக்குள் மனிதத் தலை இருந்தால்? அதற்காகவே பல கதவுகளில் அடிவிளிம்பு இரும்பின்றி மென்மையாக அமைக்கப்படுகிறது. மூடும் கதவு மனிதரை அழுத்தும் தாக்குவிசை 400 நியூட்டனை மீறக் கூடாது என ஐரோப்பியத் தர நிர்ணயம் வரையறுக்கிறது.

உணரியே பழுதானால் என்ன செய்வது என்னும் கேள்விக்குப் பொறியாளர் கண்ட விடை நுட்பமானது. ஆபத்து நேரும்போது மட்டும் மின்னோட்டம் பாயுமாறு சுற்றை அமைத்தால், கம்பி அறுந்திருப்பது எவருக்கும் தெரியாது. ஆபத்து வரும் நாளில்தான் வெளிப்படும். எனவே எல்லாம் நலமாக இருக்கும்போது மின்னோட்டம் தொடர்ந்து பாயுமாறும், அது நின்றாலே ஆபத்து எனக் கதவு கொள்ளுமாறும் சுற்று அமைக்கப்படுகிறது. எலி கம்பியைக் கடித்தாலும் கதவு இறங்க மறுக்கும். மோட்டாரின் பிரேக்கும் இவ்வாறே. மின்சாரம் இருந்தால் பிரேக் விடும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் விசையால் பிரேக் பற்றிக்கொள்ளும். அப்போது வெளியேற, கையால் சுழற்றித் திறக்கும் பிடியும் வேண்டும்.

இரயிலின் கதவுகள்

இதே சிந்தனை இரயில் பெட்டிகளிலும் தொழிற்படுகிறது. 1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவான வந்தே பாரத் இரயிலின் கதவுகள் தாமே இயங்குபவை. மூடும்போது பெட்டியின் பக்கச்சுவரோடு சமமாகப் பொருந்திக்கொள்ளும். கதவுகள் முழுவதும் மூடப்பட்டதை உறுதிசெய்த பின்னரே இரயில் நகரும். 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே ஓட்டுநரில்லா மெட்ரோ இரயிலின் சோதனை ஓட்டம் நடைபெற்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துக் கதவை மூடும் வழக்கம் அங்கு இல்லாததால், பொறுப்பு முழுவதும் உணரிகளையும் மின்சுற்றுகளையும் சார்ந்தது.

பராமரிப்பே இக்கதவுகளின் உயிர். தூசி படிந்த ஒளியுணரி, தேய்ந்த தடம், தளர்ந்த திருகு ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான பழுதுகளின் தோற்றுவாய். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியும் பொருத்துநர் பணியும் பயின்றவர்களுக்கு இத்துறையில் தொடர்ந்து வேலை உண்டு. நல்ல தொழிற்கூடங்களில் காலை முறைப்பணி தொடங்குமுன் ஒருவர் வாயிலருகே நின்று, இறங்கிவரும் கதவின் கீழ் நீண்ட கோல் ஒன்றை நீட்டி ஒளிக்கற்றையை மறைப்பார். கதவு நின்று மேலேறினால் பதிவேட்டில் கையொப்பமிட்டு வண்டிகளை விடுவர். ஏறாவிட்டால் கதவின் மின்சாரம் துண்டிக்கப்படும். பழுது நீங்கும்வரை பழைய இரும்பு ஷட்டரே மெதுவாக ஏறி இறங்கும், ஓட்டுநர் காத்திருப்பார்.