கன்றுக் கழிச்சலுக்கு முதல் மருந்து தண்ணீர்தான்

ஊத்தங்கரை வட்டத்தில், ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதையில் உள்ளது சாமல்பட்டி. மானாவாரி நிலமும் மாந்தோப்பும் கைகொடுக்காத மாதங்களில், இந்தப் பக்கத்தில் பல வீடுகளின் செலவைத் தாங்குவது வாசலில் கட்டியிருக்கும் ஓரிரு கறவை மாடுகள்தான். பிறந்து பத்து நாளான கிடேரிக் கன்று மஞ்சளாகப் பீச்சத் தொடங்கினால் வீடே பதறிப்போவது அதனால்தான். அந்தப் பதற்றத்தில் பலர் முதலில் போவது கால்நடை மருந்தகத்துக்கு அல்ல, மருந்துக் கடைக்கு. "கன்னுக்கு வயித்தால போகுது, ரெண்டு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்கி, பாலில் கரைத்துப் புகட்டிவிடுகிறார்கள்.

இதில் முதல் தவறு பாலில் கரைப்பது. டெட்ராசைக்ளின் வகை மாத்திரை, பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்துடன் ஒட்டிக்கொள்ளும். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல், பெரும்பகுதி சாணத்தோடு வெளியே போய்விடும். கொடுத்த காசும் வீண், மருந்தும் வீண்.

அதைவிடப் பெரிய தவறு, எல்லாக் கழிச்சலும் ஒன்று என்று நினைப்பது. பிறந்த நான்கைந்து நாளுக்குள் வருவது பெரும்பாலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவால். ஐந்து முதல் பதினைந்து நாள் வயதில் ரோட்டா, கொரோனா வகை வைரஸ்களும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் முக்கியக் காரணம். மூன்று வாரம் கடந்த கன்று ரத்தம் கலந்து கழிந்தால் ரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியாவைச் சந்தேகிக்க வேண்டும். ஆண்டிபயாடிக் வைரஸைத் தொடாது. காக்சிடியாவுக்கு வேறு மருந்து இருக்கிறது. மனிதருக்குக் கொடுக்கும் லோப்பரமைடு மாத்திரை வேண்டவே வேண்டாம். அது குடலின் அசைவை மட்டுப்படுத்துவதால், வெளியே போக வேண்டிய நச்சு உள்ளேயே தங்கிவிடும்.

கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அல்ல, உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். 30 கிலோ கன்று தன் எடையில் பத்து சதவீத நீரை இழந்தால் அது 3 லிட்டர். அதை ஈடுகட்டாமல் எந்த மாத்திரை கொடுத்தும் பயனில்லை. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் இரண்டு விநாடிக்கு மேல் மடிந்தே நின்றால் நீரிழப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். கண் குழிந்து, வாய்க்குள் விரல் வைத்தால் சில்லென்று இருந்து, கன்று எழவும் முடியாமல் கிடந்தால் வாய்வழிக் கரைசல் போதாது. கால்நடை மருத்துவர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

எழுந்து நிற்கும் கன்றுக்கு வீட்டிலேயே கரைசல் கொடுக்கலாம். இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் காலை வாரிவிடும். குழந்தைக்குக் கலக்கும் உப்பு - சர்க்கரைக் கரைசல் இளங்கன்றுக்கு ஒத்துவராது. சர்க்கரையையும் வெல்லத்தையும் செரிக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து, கழிச்சலை அதிகமாக்கும். குளுக்கோஸ் உள்ள ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது பலன் தரும். கன்றுகளுக்கென்றே விற்கும் உப்புத் தூள் கிடைத்தால் அதுவே சிறந்தது. வெதுவெதுப்பாக, ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுக்கலாம். பாலை நிறுத்தக் கூடாது. ஆனால் கரைசலைப் பாலில் கலக்காமல், இரண்டு பால் வேளைக்கு நடுவில் கொடுங்கள். ரப்பர் காம்பு உள்ள பாட்டிலில் கன்று தானே சப்பிக் குடிப்பதுதான் நல்லது. தலையை அண்ணாத்திப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய், கழிச்சலோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும்.

ஆண்டிபயாடிக் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. காய்ச்சல், சாணத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, மிகவும் சோர்ந்து கிடப்பது போன்ற அறிகுறிகள் இருந்தால் மருத்துவர் ஊசி போடுவார். கன்று தேறிவிட்டதே என்று, அவர் சொன்ன நாள் முடியும் முன் நிறுத்திவிடக் கூடாது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று 1945-ல் நோபல் உரையில் எச்சரித்தார். பழகிய கிருமி சாணத்தோடும் கையோடும் வீட்டுக்குள் வரும். மருத்துவமனைகளில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்து வந்ததால், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைப் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது.

கன்றுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையைத் தாய்ப் பசுவுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. பெரிய மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் வைக்கோலைச் செரிக்கின்றன. வாய்வழி ஆண்டிபயாடிக் அவற்றையும் சேர்த்து அழித்துவிடும். மாடு தீனி எடுக்காது, அசைபோடாது, கறவையும் குறையும்.

பசுவுக்கு மடிநோய் போன்றவற்றுக்காக ஊசி போட நேர்ந்தால், அதன் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தின் லேபிளில் இந்த நாள் கணக்கு இருக்க வேண்டும் என்று 2012-ல் மருந்து விதிகளைத் திருத்தினார்கள். அந்த மருந்துக்கென ஆய்ந்து உறுதிசெய்த கணக்கு இல்லாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்ப முடியாது. ஊசி போட்ட மாட்டின் பாலில் தயிர் உறையாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள், உறை மோரின் கிருமியை அந்த மருந்து தடுப்பதன் விளைவு அது. சங்கத்தில் எல்லார் பாலும் ஒன்றாகச் சேர்வதால், ஒரு வீட்டுப் பால் மொத்தத்தையும் கெடுக்கும். ஏழு நாள் பாலைக் கொட்டுவது சிறு விவசாயிக்குப் பெரிய இழப்பு, மறுப்பதற்கில்லை. தேவையற்ற ஊசியைத் தவிர்க்க அதுவே போதுமான காரணம்.

கழிச்சல் வராமல் தடுப்பது சீம்பால். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது குடித்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது தேவையில்லாத பழக்கம்.

அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மருத்துவர் வந்ததும், ஏற்கெனவே என்ன மாத்திரை கொடுத்தீர்களோ அதன் அட்டையை எடுத்துக் காட்டுங்கள். திட்டுவாரோ என்று மறைத்தால், அதே மருந்தை அவரும் கொடுக்க நேரிடலாம்.