ஏழு ‘முதலாம் நம்பர்’: ஸ்பைடர்-மேனை எங்க தொடங்குறது?



இந்தக் கிழமை எபிசோட்டில் ஃபைலுக்குப் பெயர் வைக்கிறதைப் பற்றிக் கதைச்சம். "ஃபைனல்", "ஃபைனல் 2", "உண்மையான ஃபைனல்" என்று ஃபோல்டருக்குள் வைத்திருக்கிற எல்லாரும் கையைத் தூக்குங்கோ. நேரம் போதாமல் ஒரு கதையை அதில் விட்டுட்டன். என் மருமகனின் பன்னிரண்டாவது பிறந்தநாள் கதை. அதை இங்கே முழுசா எழுதுறன்.

ஆறு புத்தகம், நாலு தொடர்

அக்காவின் மகன் ஸ்பைடர்-மேன் படம் ஒன்றையும் விடமாட்டான். ஆனால் கொமிக்ஸ் படித்ததில்லை. சரி, மாமா தொடக்கி வைப்பம் என்று, ஒன்லைனில் பழைய கொமிக்ஸ் விற்கிற ஒருவரிடம் ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ 1 முதல் 6 வரை ஒரு கட்டாக வாங்கினேன். பார்சல் வந்தது. அட்டைகளில் 1, 2, 3, 4, 5, 6. ஒரு குறையும் இல்லை. அப்படியே பேப்பர் சுற்றிக் குடுத்தாச்சு.

இரண்டு கிழமை கழித்து அக்கா வீட்டுக்குப் போனால் ஆறு புத்தகமும் மேசையில் அடுக்கி இருக்கு. பெடியன் வழக்கம்போல ‘வன் பீஸ்’ படிச்சுக்கொண்டு இருக்கிறான்.

"ஏன்டா, பிடிக்கேல்லையா?"

"பிடிச்சிருக்கு மாமா. ஆனா விளங்கேல்ல. நான் நடுவில ஏதோ விட்டுட்டன் போல. மூண்டு தரம் திருப்பிப் படிச்சுப் பாத்தன்."

எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். முதலாம் நம்பர் 2014இல் வந்தது. அதில், டொக்டர் ஒக்டோபஸ் பிடித்து வைத்திருந்த தன் உடம்பு பீட்டர் பார்க்கருக்கு அப்பதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. இரண்டாம் நம்பர் 2015. அதில் பீட்டர் உலகம் முழுக்கக் கிளை வைத்த ஒரு டெக் கொம்பனியின் முதலாளி. மூன்றாம் நம்பர் 2018. அதில் பீட்டரிடம் சல்லிக்காசு இல்லை. பூமராங் என்ற வில்லனோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். ஐந்தாம் நம்பர் 2022. ஆறு புத்தகமும் நாலு வேறு வேறு தொடரில் இருந்து வந்தவை. விற்றவர் பொய் சொல்லவில்லை. அட்டையில் பெயர் சரி, நம்பரும் சரி.

எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்று தரம் படித்துவிட்டு, பிழை தன்னில்தான் என்று நினைத்திருக்கிறான்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கோ

‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ முதலாம் நம்பர் 1963இல் வந்தது. 1998இல் 441ஆம் நம்பரோடு அதை நிறுத்தி, அட்டையில் 1999 ஜனவரி என்று போட்டு மறுபடியும் 1இல் தொடங்கினார்கள். அது 58 வரை போனது. 441உம் 58உம் 499. அடுத்தது 59 வரவேண்டிய இடத்தில், 2003இல், பழைய கணக்கையும் சேர்த்து 500 என்று போட்டார்கள். அதாவது 58க்கு அடுத்த இதழ் 500!

அது 2012 முடிவில் 700ஐத் தொட்டது. பிறகு தொடரின் பெயரே மாறி ‘சுப்பீரியர் ஸ்பைடர்-மேன்’ 1 வந்தது. 2014இல் மறுபடியும் ‘அமேசிங்’ 1. 2015இல் இன்னொரு 1. 2017இல் திடீரென்று 789. அது 801 வரை. 2018இல் 1. 2022இல் 1. 2025இல் 1. விரல் விட்டு எண்ணினால் ஒரே பெயரில் ஏழு முதலாம் நம்பர்.

போட்டிக் கொம்பனியான டிசியும் சும்மா இருக்கவில்லை. சூப்பர்மேன் 1938இல் பிறந்த ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ 904 நம்பர் வரை தொடர்ச்சியாக வந்தது. 2011இல் டிசி ஒரேயடியாக 52 தொடர்களை 1இல் தொடங்கியபோது அதுவும் 1 ஆனது. ஐந்து வருசம் கழித்து மனம் மாறினார்கள். இடையில் வந்த 52 இதழையும் கூட்டி, 2016இல் 957 என்று தொடர்ந்தார்கள். 2018இல் 1000 வந்தபோது பெரிய கொண்டாட்டம்.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு: நம்பர் ஒழுங்காக ஓடும், பெயர் மாறும். 1991இல் தொடங்கிய ‘எக்ஸ்-மென்’ 2001இல் 114ஆம் நம்பரில் ‘நியூ எக்ஸ்-மென்’ ஆனது. 2004இல் 157ஆம் நம்பரில் மறுபடி ‘எக்ஸ்-மென்’. 2008இல் 208ஆம் நம்பரில் ‘எக்ஸ்-மென்: லெகசி’. காலியான ‘எக்ஸ்-மென்’ என்ற பெயரில் 2010இல் புதிதாக ஒரு 1 வந்தது. கடையில் போய் "எக்ஸ்-மென் ஒண்டாம் நம்பர் தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரர் பாவம்.

தபால் கந்தோரில் தொடங்கின வேலை

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? காரணம் தேடிப் போனால் முதலில் வருவது அமெரிக்கத் தபால் கந்தோர். 1940கள், 50களில் பத்திரிகைகளை மலிவான கட்டணத்தில் தபாலில் அனுப்ப ஒரு அனுமதி எடுக்கவேண்டும். புதுப் பத்திரிகை தொடங்கினால் புது அனுமதி, புதுக் கட்டணம். அதனால் ஒரு தொடர் ஓடாவிட்டால் அதை மூடமாட்டார்கள். பெயரையும் கதையையும் மாற்றிவிட்டு நம்பரை அப்படியே தொடருவார்கள்.

இதில் என் செல்லமான உதாரணம் இசி கொமிக்ஸ். 1947இல் ‘மூன் கேர்ள் அண்ட் த பிரின்ஸ்’ என்று ஒரு வீரப்பெண் கதை தொடங்கினார்கள். பிறகு ‘மூன் கேர்ள்’. பிறகு ‘மூன் கேர்ள் ஃபைட்ஸ் கிரைம்’. காதல் கதை நல்லா விற்கிறது என்று கேள்விப்பட்டு 9ஆம் நம்பரில் ‘எ மூன், எ கேர்ள்... ரொமான்ஸ்’! 1950இல், 13ஆம் நம்பரில், அது ‘வியர்ட் ஃபான்டஸி’ என்ற விஞ்ஞானக் கதைத் தொடர் ஆகியது. 17 வரை போனதும் தபால் கந்தோர் இது சரிவராது என்று சொல்ல, அடுத்த நம்பர் 6 ஆனது. அது 22 வரை ஓடியது. ஆகவே ‘வியர்ட் ஃபான்டஸி’ 13 முதல் 17 வரை ஒவ்வொரு நம்பருக்கும் இரண்டு புத்தகம் இருக்கு.

அந்தக் காலத்தில் பெரிய நம்பர் என்றால் ஒரு மரியாதை. கனகாலம் ஓடுற சாமான், நம்பி வாங்கலாம் என்று அர்த்தம். 1970கள், 80களில் கொமிக்ஸ் மட்டும் விற்கிற கடைகள் வந்த பிறகு அது தலைகீழாகியது. இந்தக் கடைகள் புத்தகம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்னமே ஓடர் கொடுக்கவேண்டும். விற்காமல் மிஞ்சினால் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க ஏலாது. 437ஆம் நம்பர் என்றால் கடைக்காரர் யோசிப்பார்: இதைப் புதுசா யார் வாங்கப் போறாங்கள்? 1 என்றால் துணிந்து கூடவே எடுப்பார். சேகரிப்பவர்களும் நாலு பிரதி வாங்குவார்கள். 1991இல் அந்த ‘எக்ஸ்-மென்’ 1, ஐந்து விதமான அட்டையோடு, எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. எந்த முதலாளிக்கு ஆசை வராது?

1 விற்கும். ஆனால் 500, 700, 1000 போன்ற பெரிய நம்பரும் விற்கும். இரண்டையும் விட மனமில்லை. இப்ப மார்வெல் அட்டையில் இரண்டு நம்பரையும் போடுது. 2022இல் வந்த ஆறாம் நம்பர் ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ இருக்கே, அதே புத்தகம்தான் 900ஆம் நம்பரும். தபால் கந்தோருக்காக ஒரு கணக்கு, கடைக்காரரின் ஓடருக்காக ஒரு கணக்கு. படிக்கிற பிள்ளைக்காக ஒருத்தரும் எண்ணவில்லை.

நம்பர் என்று நினைத்தது நம்பர் இல்லை

டெக் ஆட்களுக்கு இந்தப் பகுதி. மருமகனுக்குப் பரிகாரமாக, என்னிடம் டிஜிட்டலில் இருந்த கொமிக்ஸ்களை ஒழுங்காக அடுக்க ஒரு சின்னப் பைத்தன் ஸ்கிரிப்ட் எழுதினேன். இதழ் நம்பரை முழு எண்ணாக வைத்தேன். ‘654.1’ வந்ததும் விழுந்தது. 2011இல் வந்த உண்மையான ஸ்பைடர்-மேன் இதழ் அது. சரி, தசம எண்ணாக மாற்றினேன். 2020இல் வந்த ‘50.எல்ஆர்’ இல் மறுபடி விழுந்தது.

அதோடு முடியவில்லை. 1997 ஜூலையில் மார்வெல் தன் பல தொடர்களில் ‘மைனஸ் 1’ என்று ஒரு இதழ் போட்டது. 1998இல் டிசி ஒரு மாதம் முழுக்கத் தன் தொடர்களுக்கு 10,00,000 என்று நம்பர் போட்டது. 1994இல் வந்த ‘ஸீரோ அவர்’ 4இல் தொடங்கி 3, 2, 1, 0 என்று கீழே இறங்கும். அதைச் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கினால் முடிவை முதலில் படிப்பீர்கள்.

கடைசியில் நம்பர் இருந்த இடத்தில் வெறும் எழுத்தாக வைத்தேன். அப்பதான் எனக்கே உறைத்தது. இது எண்ணே இல்லை, ஒரு பெயர். ஒரே பெயரில் ஏழு பேர் இருக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம். பெயரை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று நம்பி டேட்டாபேஸ் கட்டினால் அது ஒரு நாள் உடையும்.

இதை எங்களுக்கு யாரும் கிளாஸ் எடுத்துச் சொல்லத் தேவையில்லை, பாருங்கோ. எங்கட வீட்டில் அப்பாவின் கடைசிப் பெயர் அப்பப்பாவின் பெயர். என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். அம்மாவின் கடைசிப் பெயரும் அப்பாவின் பெயர். அக்கா கலியாணம் கட்டின பிறகு அவளுடையது அத்தானின் பெயர். ஒரே மேசையில் சாப்பிடுற குடும்பத்துக்கு மூன்று சர்நேம். சின்ன வயதில் எல்லைக் கடவையில் காரை நிறுத்தி "நீங்கள் எல்லாம் ஒரே குடும்பமா?" என்று கேட்கும்போதெல்லாம், பின் சீட்டில் இருந்து மொழிபெயர்த்து விளங்கப்படுத்துறது நான்தான். எங்கட முறையில் பிழை இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பெயர் இருக்கும் என்று நினைத்து ஃபோர்ம் அடித்தவர்தான் பிழை விட்டார்.

கொமிக்ஸ் ரசிகர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தொண்டர்கள் 1994இல் தொடங்கிய ‘கிராண்ட் கொமிக்ஸ் டேட்டாபேஸ்’ ஒவ்வொரு தொடரையும் தனித்தனியாகப் பதிகிறது: பெயர், வெளியிட்டவர், தொடங்கிய வருசம். மார்வெலின் சொந்த ஆப்பிலேயே தொடரின் பெயருக்குப் பக்கத்தில் வருசம் போட்டுத்தான் பிரித்துக் காட்டுகிறார்கள். அவர்களே போட்ட நம்பரை அவர்களாலேயே நம்ப ஏலாமல் போய்விட்டது.

அப்ப எப்படித் தொடங்குறது?

நான் மருமகனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுறன்.

1. நம்பரைத் தேடாமல் வருசத்தைத் தேடுங்கோ. "அமேசிங் ஸ்பைடர்-மேன், 2018" என்று தேடினால் ஒரே தொடர்தான் வரும்.

2. எழுத்தாளரைப் பாருங்கோ. புது 1 வருவதற்கு ஒரு நியாயமான காரணம் அதுதான்: புது ஆள் கதையைக் கையில் எடுப்பது. 2018 நிக் ஸ்பென்சர், 2022 ஸெப் வெல்ஸ், 2025 ஜோ கெலி. அந்த 1கள் உண்மையான வாசல்கள். உள்ளே போய் இருக்கலாம், பழைய 800 இதழும் படிக்கத் தேவையில்லை.

3. தனி இதழ்களை விடத் தொகுப்புப் புத்தகம் சுகம். உங்கட ஊர் நூலகத்திலேயே அனேகமாக இருக்கும். முதுகில் இருக்கிற நம்பரை நம்பாமல், உள்ளே முதல் பக்கங்களில் எந்த வருசத்துத் தொடரின் எந்த இதழ்கள் என்று போட்டிருப்பதைப் படியுங்கோ. மார்வெலின் ‘எபிக் கலெக்‌ஷன்’ வரிசையில் பின்னால் உள்ள நம்பர் முதலிலும், முன்னால் உள்ளது பிறகும் வெளிவரும். அதில் ஒரு நம்பர் கடையில் இல்லையென்றால், இன்னும் அச்சடிக்காமலே இருக்கலாம்.

4. ஆப் செய்கிறவர்களுக்கு: திரையில் காட்டுற பெயரையோ நம்பரையோ ஒருநாளும் அடையாளமாக வைக்காதேங்கோ. அடையாளத்துக்கு வேறு ஒரு ஐடி குடுங்கோ. அது மாறக் கூடாது.

சும்மா சொல்லக் கூடாது, ‘வன் பீஸ்’ இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். 1997இல் தொடங்கி ஒரே ஆள் எழுதுகிற ஒரே கதை. 2021இல் 100ஆவது தொகுதி வந்தது. 1க்குப் பிறகு 2, 99க்குப் பிறகு 100. அறுபது வருசமாகக் கைமாறி வருகிற ஸ்பைடர்-மேனை அப்படி நேர்கோட்டில் வைக்க ஏலாது என்பதும் உண்மைதான். ஆனால் வருசத்தை அட்டையில் பெரிசாகப் போடலாமே? அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

போன சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு 2018 தொடரின் முதல் ஐந்து இதழ்களையும் ஒன்றாகக் கொண்டு போனேன். வருசம் எழுதி ஒட்டச் சொல்லி மஞ்சள் ஸ்டிக்கரும் குடுத்தேன். பெடியன் தன் பழைய ஆறு புத்தகத்தையும் எடுத்து வந்து பிரித்து அடுக்கினான். ஆனால் வருசம் எழுதவில்லை. ஒன்றில் "உடம்பு திரும்பக் கிடைச்ச பீட்டர்", இன்னொன்றில் "முதலாளி பீட்டர்", மற்றதில் "காசில்லாத பீட்டர்" என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.

"இப்ப விளங்குதா?"

"இப்ப விளங்குது மாமா. இது நாலும் வேற வேற பீட்டர். முந்தியே சொல்லியிருக்கலாமே?"

இப்ப காசில்லாத பீட்டர்தான் ஓடிக்கொண்டு இருக்கு.

உங்கட வீட்டில் எத்தனை சர்நேம்? எந்த ஃபோர்மில் மாட்டுப்பட்டீங்கள்? ஒரு குரல் பதிவு அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில் போடுவம்.

அதுவரைக்கும், பத்திரம். ஃபைலுக்கு ஒழுங்காப் பெயர் வையுங்கோ!