அறுந்த கொலாஜன் இடும் ஆணைகள்

தோல், தசைநாண், எலும்பு, இரத்தக்குழாய்ச் சுவர் என உடலெங்கும் பரவிக் கிடக்கும் கொலாஜன் என்னும் புரதம், செல்களைத் தாங்கிப் பிடிக்கும் நார் என்ற அளவிலேயே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1950களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இந்நாரின் கட்டமைப்பை விளக்கினர்: ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்கின்றன, முறுக்கின் உள்ளே இடம் மிகக் குறைவு என்பதால், இழையில் மூன்றாம் இடந்தோறும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் அமைந்தாக வேண்டும். கொலாஜனுக்கு வலிமை தருவது இந்த இறுக்கம். கொலாஜன் செல்களுக்குச் சொல்லக்கூடியவற்றுள் பலவற்றை மறைத்து வைப்பதும் இதுவே.

செல்லின் மேற்பரப்பில் இன்டெக்ரின் எனப்படும் ஏற்பிகள் உள்ளன. வெளிப்பொருளைப் பற்றிக்கொண்டு, பற்றிய செய்தியை உள்ளே கடத்துவது அவற்றின் வேலை. அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும் தொடரைச் சில இன்டெக்ரின்கள் இனங்காணும் என்றாலும், முறுக்குக் குலையாத கொலாஜனில் அத்தொடர் எட்டாமல் ஒளிந்திருக்க, நொதிகள் இழையை வெட்டி முறுக்கு அவிழ்ந்த பின்னரே வெளிப்படுகிறது. கிளைசினில் தொடங்கி அர்ஜினினில் முடியும் ஆறு அமிலத் தொடர் ஒன்றோ இதற்கு நேர்மாறானது. முறுக்கோடு இருந்தால்தான் செல் அதைப் பற்றும். அத்தொடரைப் பூசிய டைட்டானியம் உள்வைப்புகளை எலிகளின் எலும்பில் பொருத்தியபோது, சுற்றிலும் எலும்பு நன்கு பிணைந்து வளர்ந்தது.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ராஜேந்திர பட்நாகர் உருவாக்கிய பி-15 இன்னும் சுவையானது. முதல் வகைக் கொலாஜனின் ஓர் இழையில் 766 முதல் 780 வரையிலான பதினைந்து அமிலங்களின் நகல் அது. கொலாஜனை வெட்டும் நொதி தாக்கும் இடமாகிய 775க்கும் 776க்கும் இடைப்பட்ட பிணைப்பு அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அழிவு தொடங்கும் இடத்தின் நகலே செல்களை ஒட்டச் செய்து எலும்பாக்கத்தைத் தூண்டுகிறது. மாட்டெலும்பின் கனிமத்துகள்மீது இது பூசப்பட்ட ஐ-ஃபேக்டர் என்ற பொருளைக் கழுத்து முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவைக்குப் பயன்படுத்த, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் ஒப்புதல் அளித்தது. கடைகளில் விற்கும் கொலாஜன் பொடியை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. பொடியின் பெரும்பகுதி குடலில் தனி அமிலங்களாகவும் மிகச் சிறு துணுக்குகளாகவும் செரித்துவிடுகிறது, பி-15 போல வேண்டிய இடத்தில் நின்று வேலை செய்வதில்லை.

எல்லாத் துண்டுகளும் வளர்ச்சியைத் தூண்டுவன அல்ல. பாஸ்டனில் ஜூடா ஃபோக்மனின் ஆய்வகம் 1997இல் அறிவித்த எண்டோஸ்டாட்டின், பதினெட்டாம் வகைக் கொலாஜனின் வால்பகுதியிலிருந்து அறுபடும் துண்டு. புதிய இரத்தக்குழாய் முளைப்பதைத் தடுத்து எலிகளின் புற்றுக்கட்டிகளைச் சுருக்கிய அதை, மறு ஆண்டே நாளிதழ்கள் புற்றுநோய்க்குத் தீர்வு கிடைத்துவிட்டது போலக் கொண்டாடின. அந்த அவசரம் தேவையற்றது. அமெரிக்க நோயாளிகளிடம் எலிகளில் கண்ட பலன் கிட்டவில்லை. எனினும் அதன் மாற்றப்பட்ட வடிவம் ஒன்றை, நுரையீரல் புற்றுநோய்க்கு வேறு மருந்துகளோடு சேர்த்துத் தர 2005இல் சீனா அனுமதித்தது.

கொலாஜன் வெட்டுப்படும்போது உண்டாகும், புரோலின், கிளைசின், புரோலின் என மூன்றே அமிலங்கள் கொண்ட துணுக்கு ஒன்றோ, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைத் தன்னை நோக்கி ஈர்க்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளின் நுரையீரல் திரவத்தில் அது தென்படுகிறது. அழைப்பை ஏற்று வரும் வெள்ளணுக்கள் கையோடு கொண்டுவரும் நொதிகளோ மேலும் கொலாஜனை வெட்டி, அதே துணுக்கை மேலும் உண்டாக்குகின்றன.