நந்தன் பாட்டும் அதன் மறுகுரல்களும்

ஒருவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டைப் பிறர் தம் குரலில் மீண்டும் பாடி வெளியிடுவதை இக்காலத்தில் 'கவர்' என்கின்றனர். இவ்வழக்கம் இசைத்தட்டோடு பிறந்ததாகக் கருதப்படினும், ஒலிப்பதிவு தமிழ்நாட்டை எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சிதம்பரத்தைப் பற்றிய பாட்டுகள் வாய்க்கு வாய் மாறி, மாறுந்தோறும் புதுமை பெற்று வழங்கின. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் உள்ளவை அவை.

இன்றைய கடலூர் மாவட்டத்து ஆதனூரில் பிறந்த, திருநாளைப்போவார் எனப்படும் நந்தனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சுருக்கமாகவே பாடியிருக்க, பாரதியார் அதில் இல்லாத வேதியர் என்னும் நில உடைமையாளரைப் படைத்து, தில்லை எனப்படும் சிதம்பரத்துக்குப் போக விடைகேட்கும் பண்ணையாளுக்கும் ஆண்டைக்கும் இடையிலான வாதமாகக் கதையை விரித்தார். தில்லையை அடைந்தும் உள்ளே நுழையத் தயங்கும் நந்தன், அருகே வரலாமா என்று இறைவனிடம் கேட்பதாக அமைந்த 'வருகலாமோ' அவற்றுள் புகழ்மிக்கது. பைரவிக்கு மிக நெருங்கிய மாஞ்சி ராகத்தில், ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்பு தாளத்தில் இது பாடப்படுகிறது. ஸ்வரங்களை இழைத்து மெல்ல நகரும் அந்த ராகம், கேட்கவும் அஞ்சிக் கேட்பவனின் தயக்கத்துக்குப் பொருந்தி நிற்கிறது.

1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் நூல் அச்சேறியது. ஆயினும் பாட்டுகளை ஊரூராகக் கொண்டுசென்றது கதாகாலட்சேபமே ஆகும். பாட்டும் பேச்சும் கலந்து ஒருவரே கதை நிகழ்த்தும் இக்கலையில், தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நந்தனார் கதையை மிகவும் பரவச் செய்தார்.

மெட்டு மட்டும் நிற்கச் சொல் மாறுவதும் உண்டு. பழம்பாட்டின் மெட்டில் புதுப்பாட்டு எழுதுவதை 'வர்ணமெட்டு' என்பர். நந்தனைச் சேரியின் மூத்தோர் தடுத்துப் பேசும் பாட்டின் மெட்டில், நிதானக் கட்சியார் எனப்பட்ட மிதவாதிகள் திலகரைத் தடுத்துப் பேசுவதாகச் சுப்பிரமணிய பாரதி எழுதினார். மூலப்பாட்டு கேட்போர் காதில் ஏற்கெனவே இருந்தாலன்றி இந்த ஏளனம் எடுபடாது என்பதிலிருந்து, நந்தன் பாட்டுகள் அந்நாளில் எவ்வளவு பரவியிருந்தன என்பது புலனாகும். பாரதி தம் 'சுதந்திரப் பெருமை' என்னும் பாட்டையும் தில்லையைப் பற்றிய நந்தன் பாட்டொன்றின் மெட்டிலேயே அமைத்திருந்தார்.

பேசும்படம் வந்தபின் இப்பாட்டுகள் நடிகர்களின் குரலோடு இணைந்தன. 1935இல் வெளியான படத்தில் கே.பி. சுந்தராம்பாள், அந்நாளில் பெருந்தொகையான ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்துக்கு, ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். வேதியராக வந்தவர் பெரும் வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர், தேவாரத்தில் பயின்ற குரலால் 'ஐயே மெத்தக் கடினம்' முதலியவற்றைப் பாடினார். தமிழ்ப்பாட்டுகளுக்குக் கச்சேரிகளில் உரிய இடம் வேண்டி 1941இல் அண்ணாமலைநகரில் மாநாடு கூட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவரே பின்னர் இசைத்துறைக்குத் தலைமை வகித்தார்.

இன்றைய கச்சேரி மேடையிலும் பரதநாட்டியத்திலும் 'வருகலாமோ' கதையிலிருந்து பிரிந்து தனித்து ஒலிக்கிறது. காலட்சேபத்தில் கேள்வியைத் தொடர்ந்து கதை நகர்ந்து விடையும் கிடைத்துவிட, மேடையிலோ அந்த ஒரு கேள்வியே பலமுறை திருப்பிப் பாடப்படுகிறது. பழைய பதிப்புகள் ராகத்தையும் தாளத்தையும் குறித்தனவே அன்றி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்வரம் எழுதிக் கட்டிவைக்கவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் குரலும் பதிவாகவில்லை. ஒத்துப்பார்க்க முதற்பதிவு இல்லாமையால் பின்வந்தோர் எவரும் நகலெடுப்பவராக நிற்க நேரவில்லை; அந்த உரிமையே இப்பாட்டுகளுக்கு நீண்ட ஆயுளைத் தந்தது எனலாம்.