புள்ளிவிவரத்தையும் போகம் பார்த்துத்தான் படிக்கணும்

எங்கள் பகுதி உழவர் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "சிலோன்ல இயற்கை விவசாயத்துக்கு மாறித்தானே நாடே திவாலாச்சு? எங்களையும் அதே குழியில தள்ளப் பாக்குறீங்களா?"

நம்ம தோழர் ஒருவர் விடவில்லை. கைபேசியை நீட்டி, "2021-லதான் உரத்துக்குத் தடை. அந்த வருசம் நெல் உற்பத்தி குறையவே இல்லைங்க. கணக்கைப் பாருங்க" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் அரைக் கணக்கு. உலக வங்கியும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் நாடுவாரிப் புள்ளிவிவரங்களை இலவசமாகவே வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஓர் எண்ணை எடுத்துப் பேசுமுன் நாலு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம்.

முதல் கேள்வி: இது எந்தப் போகத்துக் கணக்கு? இலங்கையில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது 2021 மே மாதம். அங்கே பெரும்போகம் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பது. ஆக, 2021-ன் பெரிய அறுவடை தடைக்கு முன்பே களத்துக்கு வந்துவிட்டது. அடுத்து வந்த சிறுபோகத்துக்கு ஓரளவு உரம் கையிருப்பில் இருந்தது. அதனால்தான் 2020-லும் 2021-லும் நெல் உற்பத்தி சுமார் 51 லட்சம் டன். அடி விழுந்தது 2022 கணக்கில்: சுமார் 34 லட்சம் டன். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நம்ம தோழர் காட்டிய எண் பொய்யில்லை. ஆனால் அது தடைக்கு முந்தைய விளைச்சல்.

இரண்டாவது: எது முன்னே, எது பின்னே? 2019 இறுதியில் இலங்கையிடம் இருந்த அந்நியச் செலாவணி சுமார் 760 கோடி டாலர். 2021 இறுதியில் சுமார் 310 கோடி. 2018-ல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாடு அது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா. 2021-ல் வந்தவர்கள் 2 லட்சம் பேர்கூட இல்லை. இதற்கிடையில் 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். வெளிக்கடனோ கழுத்தளவு. தடை வருவதற்கு முன்பே கஜானா கரைந்துகொண்டிருந்தது. டாலரை மிச்சம் பிடிப்பதும் அந்தத் தடைக்கு ஒரு காரணம். 2021 நவம்பரில் தடையை விலக்கிய பிறகும் உரம் வாங்க டாலர் இல்லை; உலகச் சந்தையில் யூரியா விலையும் ஏறிக் கிடந்தது. ஆகவே 2022-ன் வீழ்ச்சி முழுவதையும்கூடத் தடை ஒன்றின் தலையில் கட்ட முடியாது.

மூன்றாவது: எதை எதால் வகுத்தார்கள்? உலக வங்கியின் அட்டவணையில் 'ஹெக்டேருக்கு இத்தனை கிலோ உரம்' என்று ஒரு வரிசை உண்டு. நாட்டில் போட்ட மொத்த உரத்தை, ஆண்டுப் பயிர் செய்யும் நிலத்தால் மட்டும் வகுப்பார்கள். தேயிலை, ரப்பர், தென்னைத் தோட்டங்கள் அந்த நிலக் கணக்கில் சேராது. அவற்றுக்குப் போட்ட உரம் மட்டும் சேரும். தோட்டப்பயிர் அதிகமுள்ள இலங்கை, மலேசியா போன்ற நாடுகள் உண்மையைவிடக் கூடுதலாக உரம் கொட்டுவதுபோலத் தெரிவது இதனால்தான்.

நாலாவது: இந்த எண் எதைச் சொல்லாது? ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்துப் போடுவது. 2022 செப்டம்பரில் வந்த அறிக்கையில் இலங்கைக்கு 73-வது இடம், இந்தியாவுக்கு 132. அதே செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை, ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அறிக்கையில் இருந்தது 2021-ன் கணக்கு. அதுவும் பல ஆண்டு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சேர்த்துவைத்த பலன். அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்பதை அது காட்டாது.

சரி, பெரியவருக்கு என்ன பதில்? நாடு திவாலானதற்கு இயற்கை விவசாயம் காரணமில்லை. ஆனால் உரத்தைத் திடீரென நிறுத்தியதில் விளைச்சல் விழுந்தது உண்மை. இதை நாம் மறைக்கக் கூடாது. பத்தாண்டில் மாறுவோம் என்றுதான் அந்த அரசு தேர்தலில் வாக்குறுதி தந்தது. செய்ததோ ஒரே உத்தரவில். பல ஆண்டு உப்புரம் தின்று பழகிய மண்ணுக்கு, தொழுவுரமும் பசுந்தாளும் தயாராகும் முன்பே பந்தியை எடுத்துவிட்டார்கள். நம்ம சிக்கிம் மாநிலம் 2003-ல் தொடங்கி, 2016-ல்தான் முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவித்தது.

இதையெல்லாம் சொன்னதும் பெரியவர் கேட்டார்: "அப்ப எனக்கு எத்தனை வருசம் ஆகும்?"

"கால் பங்கு நிலத்துல ஆரம்பிங்க ஐயா. செலவு, விளைச்சல் ரெண்டையும் போகவாரியா எழுதி வையுங்க. மூணு வருசக் கணக்கைப் பார்த்துட்டு மீதி நிலத்தை முடிவு பண்ணுங்க" என்றேன்.

வீட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போனார்.