கொலாரிஷ் மணல்வெளித் திராட்சை

போர்ச்சுகல் தேசத்தின் தலைநகராகிய லிஸ்பனுக்கு மேற்கே சுமார் 20 மைல் தூரத்தில், ஸிந்த்ரா மலைக்கும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கும் இடையே கொலாரிஷ் என்னும் பழைய ஊர் இருக்கிறது. 1855 வரையில் தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர் பின்னர் ஸிந்த்ரா நகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. லிஸ்பனில் ரயிலேறினால் முக்கால் மணி நேரத்தில் ஸிந்த்ராவை அடையலாம். அங்கிருந்து 1904-ல் திறக்கப்பட்ட டிராம் பாதை கொலாரிஷ் வழியாகக் கடற்கரைக்குச் செல்கிறது. டிராம் ஓடாத நாட்களில் பஸ் வசதியுண்டு.

திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊராயிற்றே என்று ஆவலுடன் செல்வோர் தோட்டங்களைக் கண்டதும் சற்று ஏமாற்றமே அடைவர். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. உலர்ந்த நாணல் தட்டிகளாலும் கற்சுவர்களாலும் அடைக்கப்பட்ட சிறு சிறு பாத்திகளில், பூசணிக்கொடி போல் திராட்சை மணலில் படர்ந்து கிடக்கிறது. கடலிலிருந்து வீசும் உப்புக்காற்றுக்குத் தலைநிமிர்ந்து நிற்கும் கொடி அங்கே பிழைப்பதில்லை. கோடையில் சுடுமணல் பட்டுக் குலைகள் வெந்துபோகாமலிருக்க, சிறு நாணல் துண்டுகளை முட்டுக்கொடுத்துக் கொடிகளை ஒரு சாண் அளவுக்குத் தூக்கிவிடுகின்றனர்.

இம்மணலின் அருமை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி, 1860-களில் பிரான்சில் தோன்றி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. போர்ச்சுகலும் தப்பவில்லை. அசுவினி இனத்தைச் சேர்ந்த இப்பூச்சி மண்ணின் வெடிப்புகள் வழியே ஒரு வேரிலிருந்து மற்றொரு வேருக்குச் செல்வது. பொலபொலப்பான மணலில் வெடிப்பு விழாதாகையால் அதற்கு வழி கிடைப்பதில்லை. மற்ற ஊர்க் குடியானவர்கள் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித் திராட்சையை மீட்க வேண்டியதாயிற்று. கொலாரிஷ் மணலில் மட்டும் கொடிகள் இன்றளவும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. ராமிஸ்கோ என்னும் கறுப்பு வகையும் மால்வாஸியா என்னும் வெள்ளை வகையும் அங்கு முக்கியமானவை.

ஆயினும் மணல் வெறும் காப்பு மாத்திரமே. கொடிக்கு ஆகாரமும் ஈரமும் அடியிலுள்ள களிமண்ணிலிருந்தே கிடைக்கின்றன. ஆகவே நடும்போது களிமண் தட்டுப்படும் வரையில் பள்ளம் தோண்ட வேண்டும். சில இடங்களில் 3 அடியில் அது கிடைக்கும். 15 அடிக்கு மேல் இறங்க வேண்டிய இடங்களும் உண்டு. பள்ளத்தின் ஓரம் சரிந்து ஆளை மூடிவிடுவது பெரிய அபாயம். அதனால் முற்காலத்தில் தோண்டுவோர் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்தனர். மணல் மூடினாலும், மற்றவர் வந்து எடுக்கும் வரையில் மூச்சு விட அதற்குள் சிறிது இடமிருக்கும். நட்ட பின்பு கொடி வளர வளர மணலைச் சிறிது சிறிதாகத் தள்ளிப் பள்ளத்தை நிரப்புவர். கொடியை மண்ணில் பதியன் போட்டுப் பரப்புவதும் வழக்கம்.

இவ்வளவு பாடுபட்டும் மகசூல் குறைவு. ராமிஸ்கோ மதுவோ துவர்ப்பு மிகுந்தது. பக்குவமாகப் பல வருஷம் வைத்திருக்க வேண்டும். போட்ட பணம் விரைவில் திரும்பாது.

சர்க்கார் 1908-ல் கொலாரிஷ் மதுவுக்கு எல்லை வரையறுத்தது. மணலில் ஒட்டின்றி வளர்ந்த கொடியின் மதுவே அப்பெயரைப் பெறலாம். பக்கத்துக் கெட்டி நிலத்தில் விளைவதற்கு அந்த உரிமையில்லை. 1931-ல் கூட்டுறவு மது ஆலையும் ஏற்பட்டது. அதன் பெரிய மரத்தொட்டிகளை வருவோர் இன்றும் பார்க்கலாம். ஆனால் இவ்வேற்பாடுகள் பெயரைக் காத்தனவேயன்றி நிலத்தைக் காக்கவில்லை. கடலோரமும் தலைநகரின் அருகாமையும் சேர்ந்து மனைக்கட்டு விலையை ஏற்றிவிட்டன. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மணற்பாத்திகள் ஒவ்வொன்றாகக் கோடைக்கால வீடுகளாயின. ஆயிரம் ஏக்கருக்கு மேலிருந்த சாகுபடி சில பத்து ஏக்கர்களாகச் சுருங்கிற்று. பூச்சியால் ஆகாததை மனை வியாபாரம் செய்து முடித்தது என்றே சொல்ல வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் சிலர் புதிதாகக் கொடி நட்டு வருகின்றனர். பழைய சரக்கை நாடி வருவோர் நல்ல விலை கொடுப்பதே இதற்குக் காரணம். பள்ளம் தோண்ட இப்பொழுது இயந்திரம் வந்துவிட்டது. நாணல் தட்டி கட்டுவதும், குலைகளுக்கு முட்டுக்கொடுப்பதும் இன்னும் கைவேலையாகவே நடைபெறுகின்றன.