பெயர் தெரியாத அந்த 282 பெண்கள்!

'டெஸ்ட் டியூப் பேபி' என்றதும் யார் ஞாபகத்துக்கு வருகிறார்கள்? 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நகரில் பிறந்த லூயிஸ் பிரவுன். விவரம் தெரிந்தவர்கள் டாக்டர் பேட்ரிக் ஸ்டெப்டோ, விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ், அவர்களோடு உழைத்த நர்ஸ் ஜீன் பர்டி என்று அடுக்குவார்கள். எட்வர்ட்ஸுக்கு 2010-ல் நோபல் பரிசே கிடைத்தது.

ஆனால், இந்த ஆராய்ச்சிக்குத் தங்கள் உடம்பையே கொடுத்த பெண்கள்?

1969 முதல் 1978 வரை அப்படி முன்வந்தவர்கள் 282 பேர். குழந்தைக்காக ஏங்கியவர்கள். பலருக்குக் கருக்குழாயில் அடைப்பு. அந்தக் காலத்தில் அதற்குப் பெரிதாக வழி எதுவும் இல்லை.

அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல! ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மயக்க மருந்து கொடுத்து, லேப்ராஸ்கோப்பி மூலம் கருமுட்டையை எடுப்பார்கள். வெளியே உருவான கருவைக் கருப்பைக்குள் வைக்கும் முயற்சியே 1971 இறுதியில்தான் தொடங்கியது. அதற்கு முன் கருமுட்டை கொடுத்தவர்களுக்கு அதனால் குழந்தை கிடைக்க வழியே இல்லை. கொடுத்தது பின்னால் வருகிறவர்களுக்குத்தான் பயன்பட்டது.

1971-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பணம் தர மறுத்துவிட்டது.

கடைசிக் கட்டத்தில் ஊசியை விட்டு, இயற்கையாக முதிரும் ஒரே கருமுட்டைக்காகக் காத்திருந்தார்கள். சரியான நேரம் தெரிய, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை. நேரம் வந்துவிட்டால் நடுராத்திரியானாலும் ஆபரேஷன்தான்!

இத்தனைக்கும் பிறகு, 282 பேரில் இந்த முயற்சியால் குழந்தை பெற்றவர்கள் இரண்டே பேர். லூயிஸுக்குப் பிறகு, 1979 ஜனவரியில் ஓர் ஆண் குழந்தை. அவ்வளவுதான்.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லூயிஸின் அம்மா லெஸ்லி, ஏற்கெனவே நூற்றுக்கணக்கான குழந்தைகள் இப்படிப் பிறந்திருப்பதாகத்தான் நினைத்திருந்தாராம்! தன்னுடையதுதான் முதல் குழந்தை என்பது அவருக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை.

குழந்தை ஆசையில் இருக்கும் மனசு எதற்கும் தலையாட்டிவிடும். அதனால்தான் இன்று விதிமுறைகள் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆராய்ச்சி பற்றி உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கிய பிறகே ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

உங்களையும் கூப்பிட்டால், தயங்காமல் கேளுங்கள்:

* டாக்டர், இது வழக்கமான சிகிச்சையா, ஆராய்ச்சியா?
* இதுவரைக்கும் இந்த முறையில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்திருக்கு?
* நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கா?
* செலவு யாருடையது? பக்கவிளைவு வந்தா யார் பொறுப்பு?
* மீதியாகிற கருமுட்டையை, கருவை என்ன செய்வீங்க?
* பாதியில் விலகினா, என் சிகிச்சை நிக்குமா?

பதில் திருப்தியாக இருக்கிறதா? ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், கணவனும் மனைவியும் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். கையெழுத்தை அப்புறம் போடலாம்!